சின்ன வேலைக்குச் சின்ன டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்: தூளை ஓட்டை வாயிலேயே பிடிப்பது எப்படி

ஆள் குடியிருக்கும் வீட்டில் திரைச்சீலைக் கம்பிக்கு நாலு ஓட்டை, பட்டி பார்த்த இடத்தில் கொஞ்சம் தேய்ப்பு, பிளைவுட் ஓரத்தில் ஒரு வெட்டு. வேலை அரை மணி நேரம்தான். அதன் தூளைத் துடைத்து எடுப்பதற்கு அரை நாள் போகும். இந்த மாதிரி வேலைக்காகவே ஒரு கையில் தூக்கிப்போகிற அளவில் டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்கள், அதாவது கருவியோடு இணைத்துத் தூளை உறிஞ்சும் மெஷின்கள், வருகின்றன: ஏழு கிலோவை ஒட்டிய எடை, மூன்று நான்கு லிட்டர் பை, 27 மி.மீ. குழாய், 1000 வாட் மோட்டார். வாங்கியவர்களில் பலர் இதை வேலை முடிந்தபின் தரையில் கிடக்கும் தூளை அள்ளத்தான் பயன்படுத்துகிறார்கள். நுரையீரலுக்குப் போகிற நுண்தூள் அதற்குள் அறை முழுக்கப் பரவி முடிந்திருக்கும். தூள் பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும். இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான்.

உறிஞ்சும் காற்று எவ்வளவு தூரம் எட்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாயும். உறிஞ்சும் காற்றோ குழாய் வாயைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் வரும். அதனால் தள்ளிப் போகப் போக வேகம் சட்டென்று விழுந்துவிடும். குழாயின் விட்டம் அளவுக்குத் தள்ளிப் பிடித்தால், அதாவது 27 மி.மீ. குழாயை 27 மி.மீ. தள்ளிப் பிடித்தால், வாயில் இருக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்த இடத்தில் இருக்காது. அதில் பாதித் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் ஏறத்தாழ கால் பங்கு கிடைக்கும். மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. குழாயை இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு "இது சரியாக இழுக்கவில்லை" என்று சொல்பவர்களுக்கு மெஷினை மாற்றினாலும் பயன் இருக்காது.

இதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. பழைய சிடி அல்லது ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியின் நடுவில் குழாய் நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, குழாய் வாயோடு சமமாக மாட்டுங்கள். குழாய்க்குப் பின்னால் இருந்து வீணாக வரும் காற்றை அது தடுத்துவிடும். அதே மோட்டாரில் முன்பக்க இழுப்பு கண்கூடாகக் கூடும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது? ஃபெஸ்டூல் சிடிஎல் சிஸ் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த மாடல். அதன் விவரத்தில் நிமிடத்துக்கு 3000 லிட்டர் காற்று, 20,000 பாஸ்கல் இழுவிசை என்று இருக்கும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் காற்றின் அளவு முதல் எண். வாயை முழுசாக அடைத்து, காற்றே ஓடாதபோது வரும் இழுவிசை இரண்டாவது. மூன்று மீட்டர் குழாய், பை, கருவியின் குறுகலான வாய் எல்லாம் சேர்ந்த பிறகு நிஜத்தில் ஓடும் காற்று இவற்றுக்கு இடையில் எங்கோ நிற்கும். பேட்டரியில் ஓடுபவற்றில் இன்னும் குறைவு. ட்ரில்லுக்கும் சின்ன சாண்டருக்கும் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மெஷின்) அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

உள்ளங்கையை வைத்து "நல்லா இழுக்குது" என்று பார்க்கும் சோதனையைக் கைவிட்டுவிடுங்கள். அது இழுவிசையைக் காட்டும், காற்றோட்டத்தைக் காட்டாது. ஃபில்டர் பாதி அடைந்த மெஷின்கூட உள்ளங்கையை இறுக்கிப் பிடிக்கும். நம்பகமான ஒரு வழி இருக்கிறது. சுமார் 100 லிட்டர் பிடிக்கும் பெரிய குப்பைப் பையில் காற்றை நிரப்பி, குழாய் நுனியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். பையின் பிளாஸ்டிக் குழாய் வாயை மூடிவிடாமல் இருக்க, பக்கவாட்டில் நிறைய ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் துண்டு ஒன்றை வாயில் செருகிக்கொள்ளுங்கள். மெஷினைப் போட்டு, பை எத்தனை விநாடியில் சுருங்குகிறது என்று பாருங்கள். புதுப் பை, சுத்தமான ஃபில்டர் இருக்கும்போது வரும் விநாடியை மெஷின் மீதே எழுதி ஒட்டிவிடலாம். எம் கிளாஸ் (அடுத்த பத்தியில் விளக்குகிறேன்) மெஷின்கள் குழாய்க்குள் காற்று வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலி தரவேண்டும் என்பது விதி. 27 மி.மீ. குழாயில் அந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 690 லிட்டர். ஆக 100 லிட்டர் பை காலியாக ஒன்பது விநாடி ஆகிறது என்றால், உங்கள் மெஷின் அந்த எல்லைக்கு வந்துவிட்டது. பையையோ ஃபில்டரையோ கவனிக்க வேண்டும். துல்லியமான அளவீடு இல்லைதான். ஆனாலும் எப்போது பை மாற்றுவது என்ற கேள்விக்கு உள்ளங்கையைவிட நூறு மடங்கு நேர்மையான பதில் இதில் கிடைக்கும்.

எம் கிளாஸ் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியத் தரப்படி எல், எம், எச் என்று மூன்று வகுப்பு. எல் வகுப்பில் தூளில் ஒரு சதவீதம் வரை தப்பலாம். எம் வகுப்பில் 0.1 சதவீதம், எச் வகுப்பில் 0.005 சதவீதம். சுவர், கான்கிரீட், கிரானைட் வேலைக்கு எம் வகுப்பாவது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படிக சிலிக்கா, மரத்தூள் இரண்டையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பூச்சில் ஆற்று மணல் இருந்தாலும் எம் சாண்ட் இருந்தாலும் சிலிக்கா இருக்கத்தான் செய்யும். ஓட்டை போடும்போது கண்ணுக்குத் தெரிந்து விழும் தூளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும் தூள்தான் ஆபத்து. வீட்டுக்கு வாங்கிய சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு அந்த நுண்தூளைப் பின்பக்கம் ஊதிவிடும். அதோடு, அதில் பலவற்றில் உறிஞ்சிய காற்றே மோட்டாரைக் குளிர வைக்கிறது. சிமென்ட் தூளில் ஃபில்டர் அடைத்தால் மோட்டார் சூடேறிக் கருகும்.

இனி வேலைகளுக்கு வரலாம்.

சுவரில் ஓட்டை போடுவதில்தான் இந்தச் சின்ன மெஷின் முழுப் பலன் தரும். 8 மி.மீ. பிட்டில் 50 மி.மீ. ஆழம் போட்டால் வெளிவருவது 2.5 கன செ.மீ. கெட்டிப் பொருள், பொடியானபின் ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். நூறு ஓட்டை போட்டாலும் அரை லிட்டர்தான், பையில் ஒரு மூலைக்குக் காணாது. சுவரில் தானே ஒட்டிக்கொள்ளும் ட்ரில் நாஸில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அதில் இரண்டு அறை இருக்கும். ஒன்று சுவரைக் கவ்விப் பிடிக்கும், மற்றது ஓட்டையைச் சுற்றித் தூளை இழுக்கும். வழவழப்பான எமல்ஷன் சுவரில் கச்சிதமாக நிற்கும். டெக்ஸ்சர் பெயின்ட் அடித்த சுவரிலும் சிமென்ட் பூச்சு சொரசொரப்பாக இருக்கும் இடத்திலும் கழன்று விழும், ஏனென்றால் விளிம்பு வழியாகக் காற்று நுழைந்துவிடும். கதவு இடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டையை விளிம்பில் ஒட்டினால் ஓரளவு நிற்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் இன்னொரு தொல்லை: கவ்விப் பிடிக்கும் விசையில் உரியும் பெயின்ட் கையோடு வந்துவிடும். அங்கே ஆள் பிடிப்பதே நல்லது.

நாஸில் இல்லையென்றால் பக்கத்தில் ஒருவர் குழாயைப் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழாய் நுனியில், 45 டிகிரி சாய்வாக வெட்டிய ஒரு பிவிசி துண்டைச் செருகி, அதன் நீண்ட உதடு ஓட்டைக்கு நேர் கீழே சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். பிட்டுக்கும் வாய்க்கும் ஒரு செ.மீ. இடைவெளி போதும். ஹேமர் மோடில் போடும்போது இடையிடையே பிட்டைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்து உள்ளே விடுங்கள். பிட்டின் பள்ளத்தில் அடைந்திருக்கும் தூள் அப்போதுதான் வெளியே வரும். ட்ரில்லை நிறுத்தியபின் குழாயை உடனே எடுக்காமல் நான்கைந்து விநாடி அங்கேயே வையுங்கள்.

ஓட்டைக்குள் தங்கும் தூளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்க்ரூவுக்காக ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நின்று, சுத்தியலால் அடித்து மடங்கிப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் அடியில் இறுகிக் கிடக்கும் தூள்தான். பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. ஆழமாகப் போட்டு, உள்ளேயும் உறிஞ்சி எடுக்க வேண்டும். 27 மி.மீ. குழாய் 8 மி.மீ. ஓட்டைக்குள் நுழையாது. குழாய் வாயை அகலமான டேப்பால் மூடி, அதன் நடுவில் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவைச் செருகி, ஸ்ட்ராவை ஓட்டையின் அடிவரை விட்டு எடுங்கள். அந்தச் சில விநாடி மோட்டார் சத்தம் ஏறும். காற்று குறைவாக ஓடுவதால் அப்படி. நீண்ட நேரம் அப்படியே ஓட்ட வேண்டாம். கெமிக்கல் ஆங்கர் (ஓட்டைக்குள் பசை விட்டுக் கம்பியைப் பதிப்பது) போடுவதாக இருந்தால் இது மட்டும் போதாது. பிரஷ் விட்டுச் சுவரையும் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை கான்கிரீட்டில் ஒட்டாமல் தூளில் ஒட்டும்.

பட்டி தேய்ப்பது இந்த மெஷினுக்குப் பெரிய சோதனை. வால் புட்டித் தூள் மாவைவிட நுண்மையானது; பையின் உள்சுவரில் ஒரு படலமாகப் படிந்து, பை பாதி நிறைவதற்குள்ளேயே காற்றை அடைத்துவிடும். காகிதப் பையைவிட ஃபிளீஸ் பை (துணிபோன்ற செயற்கை இழைப் பை) இதில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். பையே இல்லாமல் நேராக ஃபில்டருக்குத் தூளை விடுவது வேண்டவே வேண்டாம். சில சதுர அடி தேய்ப்பதற்குள் ஃபில்டர் மடிப்புகள் நிரம்பிவிடும். வெட்டி, கொட்டி, டேப் ஒட்டி மறுபடி பையைப் பயன்படுத்துவதும் இதே ரகம்தான். பிடித்த நுண்தூள் அத்தனையும் கொட்டும்போது உங்கள் முகத்துக்கே வரும்.

புட்டி நன்றாகக் காய்ந்த பிறகே தேயுங்கள். ஈரம் இருந்தால் உப்புத்தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டும், ஃபில்டரில் அப்பளமாகப் படியும். 125 மி.மீ. சாண்டரில் ஒட்டும் தாளின் ஓட்டைகளும் அடித்தட்டின் ஓட்டைகளும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். எட்டு ஓட்டைத் தட்டில் ஓட்டையில்லாத தாளை ஒட்டிவிட்டு எக்ஸ்ட்ராக்டரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வலைபோன்ற சாண்டிங் டிஸ்க் கிடைத்தால் ஓட்டை பொருத்தும் தொல்லையே இல்லை, இழுப்பும் சீராக இருக்கும். அதற்கும் தட்டுக்கும் நடுவில் மெல்லிய பாதுகாப்புப் பேட் போடுங்கள். இல்லாவிட்டால் தட்டின் வெல்க்ரோ கொக்கிகள் சூட்டில் தேய்ந்துவிடும். 150 நம்பர் தாளில் தொடங்கி 220 அல்லது 240 நம்பரில் முடிக்கலாம்.

இழுப்பை முழுசாக வைக்காதீர்கள். சாண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சுழலாமல் அதிர மட்டும் செய்யும். சுருள் சுருளாகக் கோடு விழும், கை மணிக்கட்டும் நோகும். பாதியில் வைத்துத் தொடங்கி, தூள் வெளியே தெரிய ஆரம்பிக்கும் வரை குறைத்துப் பார்த்து, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷினை அணைத்துவிட்டுப் பையை வெளியே எடுக்காமலேயே மெதுவாகத் தட்டினால் உள்ளே படிந்த படலம் உதிரும்.

நிறைய தேய்க்க வேண்டியிருந்தால் கருவிக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கும் நடுவில் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரித்துக் கீழே தள்ளும் கூம்பு) வைத்துவிடுவது புத்திசாலித்தனம். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டின் மூடியில் பிளாஸ்டிக் சைக்ளோனைப் பொருத்தினால், தூளின் பெரும்பகுதி பக்கெட்டிலேயே விழுந்துவிடும். ஆனால் பக்கெட்டின் உறுதியைப் பாருங்கள். குழாய் எங்காவது அடைத்துக்கொண்டால் 20,000 பாஸ்கல் இழுவிசை முழுசாகப் பக்கெட்டின் மேல் இறங்கும். 30 செ.மீ. மூடிக்கு அது கிட்டத்தட்ட 140 கிலோ பாரம். மெலிந்த பக்கெட் சட்டென்று உள்ளே மடிந்து, மூடி பிதுங்கி, சேர்ந்த தூள் மொத்தமும் அறைக்குள் வரும். உள்ளே தடித்த பக்கெட் ஒன்றைச் செருகி இரட்டையாக்குங்கள். இழுவிசை மிஞ்சினால் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றை மூடியில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிளைவுட் வெட்டுவதில் கணக்கு வேறு. எட்டடி நீள 18 மி.மீ. பலகையில் 2.5 மி.மீ. வெட்டு ஒன்றுக்கு 110 கன செ.மீ. மரம் தூளாகிறது. தூளானபின் அது மூன்று நான்கு மடங்காக உப்பும். மூன்றரை லிட்டர் பை பத்து வெட்டுக்குள் முடிந்துபோகும். அளந்து இரண்டு மூன்று வெட்டு என்றால் சரி. ஒரு அலமாரி செய்யும் வேலைக்கு இது ஆகாது. இழைப்புளி மெஷினின் சுருள் சீவல் 27 மி.மீ. குழாயில் முதல் வளைவிலேயே சிக்கும். தச்சர்கள் கையில் அதிகம் இருக்கும் மார்பிள் கட்டருக்குத் தூள் குழாய் மாட்ட இடமே கிடையாது. பிளேடைச் சுற்றி மூடி பொருத்தாமல் எக்ஸ்ட்ராக்டரைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது வெறும் சத்தம்.

வயர் பைப் பதிக்க நாலு அங்குல கிரைண்டரில் சுவரைக் கீறும் வேலையை இந்தச் சின்ன மெஷினிடம் கொடுக்காதீர்கள். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி, கிரைண்டருக்கு வீல் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்று வேண்டும் என்கிறது. நாலு அங்குலத்துக்கு 100 கன அடி, அதாவது 2830 லிட்டர். பெட்டியில் 3000 என்று எழுதியிருப்பது குழாய் மாட்டுவதற்கு முன்பான எண் என்று மேலே பார்த்தோம். ஆக, கணக்கே இடிக்கிறது. அந்த வேலைக்குப் பெரிய மெஷின், அகலக் குழாய், வீலை முழுசாக மூடும் கவர் வேண்டும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரோடு எந்த எக்ஸ்ட்ராக்டரையும் இணைக்க வேண்டாம். பைக்குள் மரத்தூள் இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓட்டை போடும் வேலையும் இதற்குரியது அல்ல.

கருவியின் தூள் வாயும் குழாயும் பொருந்தாமல் போவது அன்றாடத் தலைவலி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு. படிப்படியாகக் குறுகும் ரப்பர் அடாப்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூபில் ஐந்து செ.மீ. வெட்டி மேலே இழுத்துப் போட்டால் காற்றுப் புகாமல் பிடித்துக்கொள்ளும், அதிர்வையும் தாங்கும். இன்சுலேஷன் டேப் வேண்டாம். சூட்டில் பசை இளகி வழுக்கும். ஆன்டி ஸ்டேடிக் குழாயாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த மரத்தூளும் புட்டியும் சாதாரணப் பிளாஸ்டிக் குழாயில் ஓடும்போது கையில் சுள்ளென்று ஷாக் அடிக்கும். ஆபத்து அதில் இல்லை, ஏணியில் நிற்பவர் திடுக்கிடுவதில் இருக்கிறது.

மெஷினிலேயே பிளக் பாயின்ட் இருந்தால் கருவியை அதில் செருகலாம். கருவியைப் போட்டதும் உறிஞ்சலும் தொடங்கும், நிறுத்தியபின் சில விநாடி ஓடிக் குழாயைக் காலி செய்யும். ஆனால் இரண்டின் மின்சாரமும் ஒரே பிளக் வழியாக வருகிறது. 1000 வாட் எக்ஸ்ட்ராக்டரும் 600 வாட் ட்ரில்லும் சேர்ந்தால் 1600. சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட்தான். ஃப்ரிட்ஜ், ஏசி மாட்டும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 1.5 சதுர மி.மீ. வயர் போட்டதை எடுங்கள், சுருளைப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். வெளிநாட்டு மெஷின்களின் பிளக் பாயின்ட்டில் நம் ஊர் மூன்று முள் பிளக் பொருந்தாது. மேலே உள்ள எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. எர்த்தும் தொடரும்படியான கன்வர்ட்டர் வாங்குங்கள்.

வேலை தொடங்குமுன் சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணையுங்கள். ஃபேன் ஓடும் அறையில் குழாய் வாயின் இழுப்பு எடுபடாது, தூள் பறந்துவிடும். ஏசி அதை உள்ளே இழுத்துக் காயிலில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் திறந்திருக்கட்டும். எக்ஸ்ட்ராக்டர் இருந்தாலும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் போடுங்கள். முடிந்தபின் துடைப்பம் எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் இவ்வளவு நேரம் பிடித்ததில் மிச்சம் இருந்தது மீண்டும் எழும்பும்.

பையைக் கழற்றும்போது மெஷினை அணைத்து இரண்டு நிமிடம் விட்டு, வாயின் மூடியை நகர்த்தி அடைத்துவிட்டுப் பிறகு இழுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். பாலியூரித்தேன் வார்னிஷ் தேய்த்த தூள் உள்ளே இருந்தால் அன்றே வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள், அது குவியலாகக் கிடக்கும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், புட்டித் தூளோடு பையை மெஷினிலேயே விட்டுவைக்கக் கூடாது. அதில் வெள்ளைச் சிமென்ட் இருக்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக் கல்லாகிவிடும். ஃபில்டரைத் தண்ணீரில் கழுவலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும் கழுவுங்கள். சிமென்ட் தூள் படிந்த ஃபில்டரை முதலில் வெளியில் வைத்துத் தட்டிவிட்டு, கழுவியபின் வெயிலில் போடாமல் நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். மடிப்புக்குள் ஈரம் இல்லை என்று விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்தபிறகு மாட்டுங்கள்.